தையல் பிரிக்கும் நாள்

எந்த வீட்டில் சாவு நடந்தாலும் அன்றைக்கு அவரைப் பார்க்க முடியாது. ஆவடி குவார்ட்டர்ஸில் இது எல்லோரும் அறிந்த குறை. வாடகை நாற்காலிகள் தெருவை அடைத்திருக்கும். போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போவார். மாலையோடு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவர் மட்டும் இருக்க மாட்டார். வெளியூர் உறவினர்கள் ரயிலேறிய பிறகு, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, ஏதோ ஒரு பிற்பகலில் துணிப்பையோடு வாசலில் வந்து நிற்பார்.

அவர் நர்ஸ். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கில் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் இல்லை, ஒரே மகள். வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் அவரை சிஸ்டர் என்றே அழைத்தோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

வந்தவர் துக்கம் விசாரிக்க மாட்டார். இறந்தவருடைய மருந்தெல்லாம் எங்கே என்று கேட்பார். அலமாரித் தட்டு, ஜன்னல் விளிம்பு, தலையணைக்கு அடி என்று அவருக்கே இடங்கள் தெரியும். பாதி தீர்ந்த டானிக், மாத்திரைப் பட்டைகள், ரப்பர் விரிப்பு, பெட்பேன் எல்லாம் துணிப்பைக்குள் போகும். வெறுமையான தட்டை ஈரத்துணியால் துடைப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் ஒற்றிக்கொண்டு, வீட்டாருக்கு எதிரே உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்க" என்பார். அடக்கத்தன்று வாய் திறக்காதவர்கள்கூட அப்போது பேசினார்கள். அவர் பதிலுக்கு ஆறுதல் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

சென்ற மாதம் என் மனைவி இறந்தார். அவருடைய மருந்துகள் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தன. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு தட்டைக் காலி செய்ய எவ்வளவு விசை தேவை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அது அப்படியே இருந்தது. அந்த நாட்களில்தான் சிஸ்டரைப் பற்றி நிறைய யோசித்தேன். அவர்மேல் எனக்குப் பெரிய பிரியம் இருந்தது என்று சொல்ல முடியாது. அவரோடு பிரியமாக இருந்தது என் மனைவிதான். அதுவும் சண்டை போட்டபடி.

என் மனைவி அதே ஆஸ்பத்திரியில் சர்ஜன். இருவரும் ஒரே மேசையின் இருபுறமும் பல ஆண்டுகள் நின்றவர்கள். "டாக்டரம்மா வெட்டுவாங்க, தையல் பிரிக்குறது நானு" என்று சிஸ்டர் வார்டில் நோயாளிகளிடம் சொல்வார். என் மனைவிக்கு அது பிடிக்காது. "நான் என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கேன்?" என்பார். "கசாப்புக் கடையில தையல் போட மாட்டாங்கல்லா" என்று சிஸ்டர் முகத்தைத் திருப்பாமல் சொல்வார். கருவிகளைக் கொதிக்க வைத்தபடி, இரும்புச் சத்தத்துக்கு நடுவே, இப்படி ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது நடக்கும் என்று கேள்வி.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சபையார் பாரிவாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் நடத்தினார்கள். பந்தல், ஒலிபெருக்கி, நகரத்திலிருந்து வந்த டாக்டர்கள் என்று எல்லாம் இருந்தன. காலில் பெரிய கட்டியோடு வந்த ஒரு விவசாயிக்கு என் மனைவி அதைக் கீறிச் சீழ் எடுத்துக் கட்டுப் போட்டார். மறுநாளிலிருந்து கட்டை மாற்ற வேண்டும். அதற்கு யார் என்று முகாமின் ஏற்பாட்டில் எங்கும் இல்லை. சிஸ்டர் டியூட்டி முடிந்ததும் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி, இறங்கி, வயல் வரப்பில் நடந்து போனார். ஒரு நாள் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போன நான் அதைப் பார்த்தேன். அந்த ஆள் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், மறுபடியும் வந்துகினே? கேம்ப்பு முடிஞ்சி பந்தலகூட பிரிச்சிட்டானுங்களே!"

"பந்தல பிரிச்சாச்சு. ஒங்க கால் கட்ட பிரிக்கலையே. உக்காருங்க."

"வலி இல்ல சிஸ்டர். நல்லாக்கீறேன்."

"வலிக்குதான்னு நான் கேக்கல. உக்காருங்கன்னேன்."

அவர் உட்கார்ந்தார். மாடும் நகராமல் நின்றது. எல்லோரிடமும் சிஸ்டர் இப்படித்தான் பேசினார். கனிவான குரல் என்று அதைச் சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸில் பலர் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். எல்லோரும் கூடும் நேரத்தில் வராதவரைப் பற்றி வேறு என்ன சொல்வார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சபை முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஒரு மருத்துவ ஊழியக் குழுவை அனுப்பியது. தான்சானியாவின் உட்பகுதியில் ஒரு சிறு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே இரண்டு வாரம். போதகர் தலைமை. என் மனைவி சர்ஜன், சிஸ்டர் நர்ஸ், இன்னும் இரண்டு டாக்டர்கள். ஜெனரேட்டரையும் கருவிகளைக் கிருமி நீக்கும் கொப்பரையையும் பார்த்துக்கொள்ள நான். எல்லோரும் அவரவர் விடுப்பைச் செலவழித்துத் தொண்டாக வந்தவர்கள். விமானம் ஏறும் ஊருக்கு ரயிலில் போக வேண்டியிருந்ததால் சென்ட்ரலில் கீர்த்தனை பாடி வழியனுப்பினார்கள். சிஸ்டரின் மகளும் வந்திருந்தாள். அப்போது அவளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீடு வேப்பம்பட்டு. நாங்கள் திரும்பி வந்த அதே வாரம் வியாழக்கிழமை நிச்சயதார்த்தம்.

அங்கே செய்த வேலைகளை நான் விவரிக்கப் போவதில்லை. குடலிறக்கம், கட்டிகள், ஆறாத புண்கள். ஒவ்வொரு மாலையும் போதகர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, அன்று கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொல்வார். டாக்டர்கள் சொன்னார்கள். நானும் ஜெனரேட்டரைப் பற்றி ஏதோ சொன்னேன். சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு மாலையும், "இன்னும் முடியலையே ஐயா, முடிஞ்ச பொறவு சொல்லுதேன்" என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு அது சிலருக்கு உறுத்தியது.

கடைசி நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கலாம். சிறு வயதில் அடுப்பில் விழுந்தவள். வலது கை முழங்கையில் மடங்கி, தோல் ஒட்டி, அப்படியே நின்றுவிட்டது. இடுப்பில் ஒரு குழந்தை. அதை அவள் ஒரு கையால் மட்டுமே வளர்த்துக்கொண்டிருந்தாள். வெகு தொலைவிலிருந்து நடந்தே வந்திருந்தாள். என் மனைவி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய தோலை விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தால் கை நீளும். அன்றே செய்யலாம். மறுநாள் விடிந்ததும் நாங்கள் கிளம்புகிறோம்.

"அஞ்சாம் நாள் கட்டு யாரு பிரிப்பா?" என்றார் சிஸ்டர்.

"இங்க நர்ஸ் இருக்காங்களே."

"ரெண்டு பேரு இருக்காங்க. பிரசவ வார்டப் பாக்கவே அவங்களுக்கு நேரம் பத்தல. ஒட்டுன தோலு புடிச்சிருக்கான்னு யாரு பாப்பா? தையல் யாரு எடுப்பா? தெனமும் கைய நீட்டி நீட்டி யாரு பழக்குவா? இல்லன்னா மறுபடியும் மடங்கிரும் டாக்டரம்மா. இப்ப இருக்குறதவிட மோசமா மடங்கும்."

"அப்போ திருப்பி அனுப்பச் சொல்றீங்களா? அவ எங்கேருந்து நடந்து வந்திருக்கான்னு கேட்டீங்கல்ல?"

"அனுப்பச் சொல்லல. யாருன்னுதான் கேட்டேன்."

போதகர் குறுக்கிட்டார். "கர்த்தர் பாத்துப்பார் சிஸ்டர்."

"அவரு பாப்பாரு ஐயா. கட்ட பிரிக்க ஒரு ஆளு வேணும்லா."

அந்தப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது தெரிந்து, குழந்தையை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நீங்க செய்யுங்க. நான் இருந்து பாத்துட்டு வாரேன்" என்றார் சிஸ்டர்.

"வியாழக்கிழமை உங்க பொண்ணுக்கு நிச்சயம்" என்றார் என் மனைவி.

"தெரியும். அவளுக்கு அங்க ஆளு இருக்கு" என்றார். உடனே கருவிகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் ஜீப் புறப்பட்டபோது சிஸ்டர் வார்டு வாசலில் நின்றார். கையசைப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் உள்ளே போயிருந்தார். தனக்கு ஒரு துணிப்பையை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியை எங்களிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மகளுக்காக வாங்கிய பெரிய பூப்போட்ட துணி ஒன்று அதில் இருந்தது.

சென்ட்ரலில் மாலைகளோடு சபையார் நின்றார்கள். மகள் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார். சம்பந்தியை வரவேற்க வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்தார். நான் கடைசியாகப் பெட்டியோடு இறங்கினேன். அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"இன்னா சார் இது? பொட்டி வந்துகீது, ஆளக் காணோம்?"

சொன்னேன். எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாக.

"ஊரு பேரு தெரியாதவளுக்குத் தையல் பிரிக்கணும்னு, பெத்த பொண்ணு நிச்சயத்த உட்டுட்டாங்களா? நல்லாக்கீது நாயம்! நாளிக்கி என் ஊட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா இந்தம்மா எங்க நிப்பாங்க?"

கீர்த்தனை பாடியவர்கள் நடுச் சரணத்தில் நிறுத்திவிட்டார்கள். மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா வியாழக்கிழமைக்குள்ள வந்துருவாங்களா அங்கிள்?"

"வரமாட்டாங்கம்மா."

"நான் நிக்கிறேன்மா, உங்க அம்மா இடத்துல" என்றார் என் மனைவி.

அவள் என் மனைவியை நேராகப் பார்த்தாள். "சரி ஆன்ட்டி. அங்க ஒரு பொம்பளைக்கு எங்க அம்மா இருக்காங்க. இங்க எனக்கு நீங்க இருக்கீங்க. சரியாத்தான் இருக்கு." பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் தூக்கி வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நிச்சயதார்த்தம் நடந்தது. சிஸ்டரின் இடத்தில் நின்று என் மனைவி தட்டு மாற்றினார். மாப்பிள்ளையின் தாயார் தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணத் தேதியைப் பற்றி மட்டும் எதுவும் பேசாமல் போனார். சம்பந்தம் நிற்குமா என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொண்டார்கள்.

சிஸ்டர் திரும்பி வந்ததை யாரும் அறியவில்லை. அங்கே கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் ஒருவர் விமானத்துக்கு ஏற்பாடு செய்ததாகப் பிறகு தெரிந்தது. பல வாரங்கள் கழித்து ஒரு மாலை எங்கள் சமையலறை வாசலில் துணிப்பையோடு நின்றார். இளைத்திருந்தார். என் மனைவி அடுப்பருகே இருந்தார். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தன் வலது கையை மடக்கி மார்பில் வைத்தார். பிறகு அதை மெல்ல மெல்ல நீட்டினார். முக்கால் பங்குக்கு மேல் நீட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு வருது டாக்டரம்மா. கடைசியில கொஞ்சம் இழுக்கு. அந்தப் புள்ள கொளந்தைய ரெண்டு கையாலயும் தூக்குதா."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. அன்று பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் போதகர் சிஸ்டரைச் சாட்சி சொல்ல அழைத்தார். சபை முழுவதும் காத்திருந்தது. சிஸ்டர் எழுந்து, "கை நீளுது. ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். போதகர், "இன்னும் ஏதாவது சொல்றீங்களா சிஸ்டர்?" என்றார். உட்கார்ந்தபடியே, "தையல் எல்லாம் எடுத்தாச்சு ஐயா" என்று பதில் வந்தது.

அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு ரயிலேறினார். சம்பந்தம் பேசும்போது உடன் இருந்தவன் என்பதால் நான். திருநின்றவூர் தாண்டியதும் ஒரு முறை புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளையின் தாயார் வாசலிலேயே தொடங்கினார்.

"வாங்க வாங்க. நிச்சயம் முடிஞ்சி போச்சே, ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க. அதான் வந்தேன்."

"கல்யாணத்துக்குனா வருவீங்களா? இல்ல, அன்னிக்கும் யாருக்காச்சும் தையல் கீதா?"

"கல்யாணத்துக்கு வருவேன். கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் போன பொறவும் வருவேன்." சிஸ்டர் பாயில் உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க. என்ன கொறை?"

அந்த அம்மாள் சொன்னார். பிளாட்பாரத்தில் தனக்கு நேர்ந்த அவமானம், உறவினர் கேட்ட கேள்விகள், தன் மகனுக்கு வந்த வேறு வரன்கள் என்று தொடங்கியது. அப்படியே போய், இறந்துபோன தன் கணவர், வலிக்கும் தன் முழங்கால், தனக்கென்று யாரும் இல்லாதது என்று முடிந்தது. சிஸ்டர் ஒன்றையும் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த அம்மாள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் முறை காப்பி கொண்டுவந்தார். கிளம்பும்போது, "வர்ற மாசம் தேதி பாத்துக்கலாம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. சிஸ்டர் வந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

மகள் தாயை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து என் மனைவியிடம் ஒரு முறை சொன்னாளாம்: "எனக்குக் காய்ச்சல்னா அம்மா மொதல் நாள் வரமாட்டாங்க ஆன்ட்டி. காய்ச்சல் விட்டு, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு வருவாங்க." அது புகாரா பெருமையா என்று பிரித்தறிய முடியவில்லை என்றார் என் மனைவி.

தொண்ணூறுகளின் கடைசியில் சிஸ்டர் மகளின் வீட்டில் இறந்தார். என் மனைவி அடக்கத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வண்டி பிடித்துக்கொண்டு வந்து அழைத்தார்கள். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர்களுக்கு அது விளங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வேப்பம்பட்டுக்குப் போனார். நான் உடன் போனேன். மகள் கதவைத் திறந்தாள்.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க ஆன்ட்டி."

"தெரியும்மா. அம்மாவோட மருந்தெல்லாம் எங்க?"

என் மனைவி தட்டைக் காலி செய்து துடைத்து முடிக்கும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. வெளியே வந்து ஸ்டேஷன் பக்கமாக நடந்தேன்.

சென்ற மாதத்துக்கு வருகிறேன். என் மனைவியின் அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். அவரிடம் அறுவை செய்துகொண்டவர்கள் சிலர் தழும்பைத் தொட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். எங்கள் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, விடுப்பு முடிந்து கிளம்பினான். "அந்தத் தட்டைக் காலி பண்ணிட்டுப் போகட்டுமாப்பா?" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தொலைபேசி ஒலிப்பது குறைந்தது. பிறகு நின்றது.

ஒரு பிற்பகல் அழைப்பு மணி கேட்டது. முதலில் யாரென்று தெரியவில்லை. ஐம்பதைக் கடந்த பெண்மணி, பாதி நரைத்த தலை, கையில் துணிப்பை.

"வேப்பம்பட்டுலேர்ந்து வர்றேன் அங்கிள். அடக்கத்துக்கு நான் வரல."

"தெரியும்மா."

"ஆன்ட்டி மருந்தெல்லாம் எங்க இருக்கு?"

காட்டினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஒரு பட்டையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரத்த அழுத்தத்துக்காக நான் தினமும் போடும் மாத்திரை. அடக்கத்துக்கு முந்தைய வாரத்தில் வாங்கியது.

"இது ஒங்களோடது. ஒண்ணுகூட எடுக்கலையே அங்கிள்."

"இல்லை" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மாத்திரையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்கும்வரை நின்றாள். பட்டையை அந்தத் தட்டில் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசைமேல், என் கண்ணில் படும் இடத்தில் வைத்தாள். தட்டை ஈரத்துணியால் துடைத்தாள். குழாயடியில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவும் சத்தம் கேட்டது.

முந்தானையில் கையை ஒற்றியபடி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க அங்கிள்."

சொன்னேன்.